முழங்கால் வினாத்தாளைப் பர்மாத் தமிழுக்குக் கொண்டுவருதல்

நோயாளி தம் முழங்காலின் நிலையைத் தாமே மதிப்பிடுவதற்கான, கூஸ் (KOOS) என்று சுருக்கமாக அழைக்கப்படும் முழங்கால் வினாத்தாளில், குளியல் தொட்டிக்குள் இறங்கவும் வெளியேறவும் எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்றொரு கேள்வி உண்டு. ரங்கூனிலோ பெகுவிலோ வாழும் தமிழ் மூதாட்டி ஒருவரிடம் அதை அப்படியே தமிழாக்கிக் கேட்டால், தொட்டி என்பது தண்ணீர் நிரப்பி வைத்துப் பக்கத்தில் நின்று மொண்டு ஊற்றிக்கொள்வதற்கானதாயிற்றே, அதற்குள் யார் இறங்குவார் என்று அவர் நம்மை விநோதமாகப் பார்ப்பார். சொல் ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் கேள்வி பிழையாகிவிடும் இத்தகைய இடங்களைக் கண்டுபிடித்துச் சீர்செய்வதும், சீர்செய்த வினாத்தாள் உண்மையிலேயே முழங்காலின் நிலையை அளக்கிறதா என்று எண்களால் சோதிப்பதும் இந்த வழிகாட்டியின் பொருள். மருத்துவமனையில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்களையும், எலும்பு மருத்துவப் பிரிவில் ஆய்வு செய்யும் மாணவர்களையும், அவர்களுக்கு மொழி உதவி செய்ய முன்வரும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எந்த வினாத்தாளை எடுப்பது

கூஸ் வினாத்தாளை ஈவா ரூஸும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்டனர். அதில் 42 கேள்விகள் உள்ளன: வலி பற்றி 9, மற்ற அறிகுறிகள் பற்றி 7, அன்றாடச் செயல்கள் பற்றி 17, விளையாட்டும் பொழுதுபோக்கும் பற்றி 5, முழங்கால் சார்ந்த வாழ்க்கைத் தரம் பற்றி 4. மூட்டுத் தேய்மானத்திற்காக 1988இல் உருவான வோமாக் வினாத்தாளின் 24 கேள்விகளும் கூஸுக்குள் அடங்கியிருப்பதால், கூஸை ஒருமுறை ஒழுங்காக மொழிபெயர்த்துவிட்டால் அந்த மதிப்பெண்ணையும் அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆக்ஸ்போர்டு முழங்கால் மதிப்பெண் 12 கேள்விகளே கொண்டது. மூட்டு மாற்று அறுவை செய்துகொள்பவர்களுக்காக உருவானது. கடந்த நான்கு வாரங்களைப் பற்றிக் கேட்பது. முழங்காலின் முன்பக்க வலிக்கு என்று குஜாலாவின் 13 கேள்விகள் கொண்ட வினாத்தாள் தனியே இருக்கிறது.

கூஸ் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியது. வோமாக்கிற்கும் ஆக்ஸ்போர்டு வினாத்தாளுக்கும் உரிமையாளரிடம் உரிமம் பெற வேண்டும். இலவசமே ஆனாலும், மொழிபெயர்க்கத் தொடங்குமுன் உருவாக்கியவர்களுக்கு எழுதித் தெரிவிப்பது முறை என்பதோடு, தமிழ்ப் பதிப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று அறியவும் அதுவே நேர்வழி. தமிழ்நாட்டில் உருவான பதிப்பு கிடைத்தால் அதை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் அது மதுரையிலோ சென்னையிலோ தேறிவிட்டது என்பதற்காகப் பர்மாவின் மோல்மீன் நகரிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கீழே சொல்லப்போகும் முன்னோட்டத்தையும் அதற்குப் பின்வரும் சோதனைகளையும் இங்குள்ளவர்களிடம் செய்ய வேண்டும்.

யார் படிப்பார்கள் என்னும் கேள்வி

இந்த வகை வினாத்தாள்களுக்கான வழிகாட்டி நூல்கள் பல, நோயாளி தாளை வாங்கித் தானே படித்துத் தானே குறியிடுவார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. பர்மாத் தமிழரிடம் அந்த எண்ணம் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு பிறந்தவர்கள் பர்மிய மொழியிலேயே படித்தார்கள். தமிழ் வீட்டுப் பேச்சாகவும், கோயிலை ஒட்டி நடக்கும் மாலை வகுப்புகளிலும் கோடை வகுப்புகளிலும் மட்டுமே எழுத்தாகவும் தங்கியது. முழங்கால் தேய்ந்து மருத்துவரிடம் வருபவர்களில் பலர் அந்தத் தலைமுறையினர். அவர்கள் தமிழில் சரளமாகப் பேசுவார்கள், பர்மிய எழுத்தைச் சரளமாகப் படிப்பார்கள், தமிழ் எழுத்தைக் கொடுத்தாலோ மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே இங்கே கேள்விகளை ஒருவர் வாய்விட்டுக் கேட்க, நோயாளி சொல்ல, கேட்பவரே குறிக்க வேண்டியிருக்கும். இதை முதல் நாளிலேயே முடிவு செய்துவிடுவது மிக முக்கியம். ஏனெனில் தாளில் செந்தமிழில் அச்சடித்துவிட்டு, கேட்கும்போது 'கொஞ்சம் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டால், கேட்பவர் ஒவ்வொருவரும் அந்த இடத்திலேயே தமக்கென ஒரு மொழிபெயர்ப்பைச் செய்கிறார். அப்போது நாம் சரிபார்ப்பது அச்சில் உள்ள வினாத்தாளை அன்று. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் நாவன்மையை. 'தங்களால் முழங்காலை முழுமையாக நீட்ட இயலுகிறதா' என்பது பார்வைக்கான பதிப்பில் இருக்கட்டும். 'முழங்காலை முழுசா நீட்ட முடியுதாம்மா' என்பதை எழுத்தில் பதிந்து, அதைத்தான் அனைவரும் கேட்க வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும். பேச்சுத் தமிழை அச்சில் ஏற்றுவது இலக்கணப் பற்றுள்ள ஆசிரியர்களுக்குக் கசக்கும். அவர்களிடம் பொறுமையாக இதன் காரணத்தை விளக்கி இணங்க வைப்பது, என் அனுபவத்தில், முழு வேலையிலும் நீண்ட நேரம் பிடிக்கும் பகுதி.

தமிழ் எழுத்துத் தெரியாத இளைஞர் ஒருவரைக் கேட்பவராக அமர்த்த நேர்ந்தால், பர்மிய எழுத்தில் தமிழை எழுதிக் கொடுக்கலாமே என்று தோன்றும். பர்மிய நெடுங்கணக்கில் ணகரத்துக்கும் ளகரத்துக்கும் எழுத்துகள் இருந்தாலும், பர்மியர் அவற்றை னகரமாகவும் லகரமாகவுமே ஒலிக்கிறார்கள். ழகரத்துக்கு எழுத்தே கிடையாது. வலியும் வழியும் ஒரே எழுத்தில் வந்து நிற்கும் தாளை வைத்துக்கொண்டு முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பது என்னவாகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 42 கேள்விகளையும் தெளிவான குரலில் பேசிக் கைப்பேசியில் பதிந்து, கேட்பவர் அதை மனப்பாடமாகும்வரை கேட்டுப் பழகுவது இதைவிடப் பாதுகாப்பானது.

மொழிபெயர்க்கும் படிகள்

2000ஆம் ஆண்டில் பீட்டனும் அவருடைய குழுவினரும் வகுத்த ஒழுங்கையே இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும்; அவர்களில் ஒருவர் மருத்துவம் அறிந்தவராகவும், மற்றவர் இந்த வினாத்தாள் எதற்காக என்றே அறியாதவராகவும் இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே வரைவாக்கிய பின், மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அந்த வரைவைத் திருப்பி ஆங்கிலமாக்குவார்கள். பிறகு மொழிபெயர்த்தவர்கள், மருத்துவர், மொழி அறிஞர், ஆய்வு முறை தெரிந்தவர் அனைவரும் கூடி ஒவ்வொரு கேள்வியாக விவாதித்து முன்னோட்டப் பதிப்பை முடிவு செய்வார்கள். அதை 30 முதல் 40 பேரிடம் சோதிக்க வேண்டும்.

இதில் இங்கே சிக்கலாவது திருப்பி ஆங்கிலமாக்கும் படி. ஆங்கிலத்தில் தேர்ச்சியும் பர்மாத் தமிழில் பழக்கமும் ஒருங்கே உள்ளவர் அரிது என்பதால், தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ உள்ள உறவினருக்கு மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் அவருக்குப் புரியாத சொல்லை நீக்கிவிட வேண்டும் என்று குழு அவசரப்படக் கூடாது. நமக்கு வேண்டியது மோல்மீன் நோயாளிக்குப் புரியும் சொல். கோலாலம்பூரில் உள்ள மாமாவுக்குப் புரியவில்லை என்பது ஒரு குறிப்பு மட்டுமே. அதேபோல, பர்மிய மொழிப் பதிப்பு ஒன்று கைக்குக் கிடைத்தாலும் அதிலிருந்து தமிழாக்கக் கூடாது. மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பில் முதல் பிழை மறைந்துகொள்ளும்.

திருப்பி ஆங்கிலமாக்கிய வரி மூலத்தோடு வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனால் குழு மகிழ்ந்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். 'வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டீர்களா' என்பது அழகாகத் திரும்பிப் போகும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவர் ஒருவர், சுருட்டை விட்டு ஏழு வருடம் ஆகிறது என்று பெருமையாகப் பதில் சொன்னார். மூலம் கேட்பதோ, முழங்காலுக்குக் கெடுதல் வரக்கூடும் என்று அஞ்சிச் செயல்களை விட்டுவிட்டாரா என்பதை. 'முழங்காலுக்கு ஆகாதுன்னு செய்யாம விட்ட வேலை உண்டா, எவ்வளவு' என்று கேட்டால்தான் அது போய்ச் சேர்கிறது.

சொற்களில் தடுக்கும் இடங்கள்

முழங்கால் என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். முட்டி என்பது சிலருக்கு முழங்கால், சிலருக்குக் கைவிரல் மடக்கிய முட்டி. மூட்டு என்றால் இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்துவிடும். முழங்கால் என்று சொல்லி, கேட்பவர் தம் முழங்காலைத் தொட்டுக்காட்ட வேண்டும் என்றும், இடதா வலதா என்று ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் நினைவூட்ட வேண்டும் என்றும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் மூட்டு அசைய மறுப்பதை அகராதி பார்த்து 'விறைப்பு' என்று எழுதினால், அச்சொல்லின் வேறு பொருளால் இளைஞர் ஒருவர் மூதாட்டியிடம் கேட்க முடியாமல் நெளிவார். சிலர் அதை மரத்துப்போவதாகவும் எடுத்துக்கொள்வார்கள். கூஸ் அதை முழங்காலை அசைக்கும்போது உணரும் தடை அல்லது மந்தம் என்று விளக்குவதால், 'முழங்கால் பிடிச்சுக்கிட்டு மடக்க நீட்ட வராம இருக்கிறது' என்று நீட்டிச் சொல்வதே மேல். மூட்டுக்குள் எழும் ஒலிக்குத் தமிழில் பஞ்சமில்லை: நறநற, கடகட, மொடமொட என்று இரண்டை அடுக்கிச் சொன்னால் உடனே தலையாட்டுவார்கள். கால் திடீரென்று துவண்டு மடங்குவது பற்றிக் கூஸில் கேள்வி இல்லை; வேறு வினாத்தாளுக்காக அதைக் கேட்க நேர்ந்தால், வழுக்கி விழுவதோடு குழப்பிக்கொள்ளாதபடி, 'நிக்கிறப்போ முழங்கால் விட்டுடுதா' என்று கேட்பது தெளிவாக இருக்கும். முழங்கால் மீது நம்பிக்கை இல்லாமை என்பதை அப்படியே சொன்னால் ஏதோ தெய்வ நம்பிக்கைபோல் ஒலிக்கிறது. 'நம்பிக் காலை ஊன்ற முடியாத கவலை' என்பது பேச்சில் இயல்பாக வரும்.

வலியின் தன்மையைச் சொல்லும்போது நோயாளிகள் பர்மிய மொழியிலிருந்து சொற்களைக் கலப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். உளைச்சலுக்குப் பர்மியர் சொல்லும் சொல்லுக்குக் கடித்தல் என்றும் பொருள் உண்டு. முழங்கால் கடிக்கிறது என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அதைக் கடுக்கிறது என்று திருத்தாமல் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.

விடைகளின் படிவரிசைதான் எல்லாவற்றிலும் வழுக்கலான தரை. இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை, மிகக் கடுமை என்ற ஐந்து படிகளில், 'மிதமான' என்ற சொல்லைச் சிலர் இரண்டாம் படிக்கும் சிலர் மூன்றாம் படிக்கும் எழுதுவதைப் பல தமிழ் மருத்துவப் படிவங்களில் காணலாம். 'எப்போதாவது', 'சில சமயம்', 'அடிக்கடி' ஆகியவற்றில் எது எதைவிடக் குறைவு என்பதும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. ஐந்து அட்டைகளில் ஐந்து சொற்களை எழுதிக் கலைத்துப்போட்டு, படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லி, குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கச் சொல்லுங்கள். பத்துப் பேரில் இருவர் மாற்றி அடுக்கினாலும் அந்தச் சொல் தகுதியற்றது என்றே நான் கொள்வேன். தண்ணீர் அளவு வேறு வேறாக உள்ள ஐந்து குவளைகளின் படத்தைக் காட்டிக் கேட்பது உதவும். ஆனால் படம் சேர்த்தால் அதுவும் பதிப்பின் ஒரு பகுதியாகிவிடும், எல்லாரிடமும் காட்ட வேண்டும்.

கால அளவும் அவ்வாறே. 'போன வாரம்' என்றால் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்த வாரம் என்று புரிந்துகொள்பவர் பலர். 'இன்னையோட சேர்த்து ஏழு நாள்' என்று சொல்லி, எந்தக் கிழமையிலிருந்து என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.

நம் வாழ்க்கையில் இல்லாத செயல்கள்

குளியல் தொட்டிக்கு மாற்றாக எதை வைப்பது? அந்தக் கேள்வி அளக்க விரும்புவது, ஈரமான இடத்தில் காலைத் தூக்கி ஓர் உயரத்தைத் தாண்டி வைக்கும்போது உண்டாகும் சிரமத்தை. குளியலறை வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் வெளியே வருவது அதற்கு நெருங்கி வரும். காலுறை போடுவதும் கழற்றுவதும் செருப்பும் கைலியுமாக இருப்பவர்களுக்குப் பொருளற்றவை. குனிந்து பாதத்தைத் தொட வேண்டிய செயல் எதுவோ அதை, உதாரணமாக உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக் கழுவுவதை, அடைப்பில் சேர்க்கலாம். காரில் ஏறி இறங்குவதோடு பஸ்ஸையும் சேர்ப்பது பொருத்தம். ரங்கூன் வட்ட ரயிலின் படியை நான் சேர்க்கமாட்டேன், அது நல்ல முழங்காலுக்கே சோதனை.

கழிப்பறைக் கேள்வியில் எச்சரிக்கை தேவை. மூலத்தில் அது உட்காரும் கழிப்பறையைக் குறிக்கிறது. குந்துவதற்கு விளையாட்டுப் பகுதியில் தனிக் கேள்வி இருக்கிறது. நம் வழக்கப்படி குந்தும் கழிப்பறை என்று மாற்றினால் அன்றாடச் செயல்களின் மதிப்பெண் இறங்கிவிடும், பிற நாடுகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாமல் போகும். கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, வீட்டில் இருப்பது எந்த வகை என்று தனியே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

தரையில் சம்மணமிட்டு உட்காருவதும், கோயிலில் விழுந்து கும்பிடுவதும், சர்ச்சில் முழந்தாளிடுவதும், தொழுகையில் சுஜூது செய்வதும் (நெற்றி தரையில் படப் பணிவதும்) நம்மவர்களுக்கு நடையைவிடப் பெரிய குறை. தீமிதிக்கு வேண்டிக்கொண்டு முழங்கால் இடம் கொடுக்கவில்லையே என்று வருந்துபவரிடம், குதிப்பதில் சிரமம் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்புவது எனக்கே ஒப்பவில்லை. இருந்தும் 42ஐ 46 ஆக்கக் கூடாது. இவற்றைத் தனித் தாளில் கூடுதல் கேள்விகளாகக் கேளுங்கள். கூஸ் மதிப்பெண்ணில் கலக்காதீர்கள். ஓடுதல், குதித்தல், சுழன்று திரும்புதல் பற்றிய கேள்விகள் சின்லோன் என்னும் பர்மியப் பிரம்புப் பந்தாட்டம் ஆடும் இளைஞருக்குப் பொருந்தும். 65 வயதுப் பெண்மணி சிரித்துவிடுவார். அப்போது 'செஞ்சா எவ்வளவு சிரமமா இருக்கும்னு தோணுது' என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லி, அதற்கும் பதில் வராவிட்டால் வெற்றாக விடுங்கள்.

முன்னோட்டம்

முப்பது பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர், வயது, கல்வி, மதம் எல்லாம் கலந்திருக்கட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வாங்கியபின், 'இப்ப நான் என்ன கேட்டேன், உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேளுங்கள். புரிந்ததா என்று கேட்பதால் பயனில்லை. நம்மவர்கள் மரியாதைக்காகப் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். மருமகளோ மகனோ உடன் வந்து, அம்மாவுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தாமே பதில் சொல்வது இன்னொரு தொல்லை. உடன் வந்தவருக்கு வேறு இடத்தில் ஒரு தேநீரும் நாற்காலியும் கொடுப்பதே நான் கண்ட தீர்வு.

எண்களால் சரிபார்த்தல்

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பின் பெரிய சுற்றைத் தொடங்கலாம். ஒவ்வொரு கேள்வியின் விடைக்கும் 0 முதல் 4 வரை மதிப்பு உண்டு. பகுதிதோறும் சராசரி எடுத்து, நான்கால் வகுத்து, நூறால் பெருக்கி, அதை நூறிலிருந்து கழிக்க வேண்டும். வலிப் பகுதியின் ஒன்பது விடைகளும் கூடி 15 வந்தால், சராசரி 1.67, மதிப்பெண் 58.3. நூறு என்பது நோயற்ற நிலை. ஒரு பகுதியில் பாதிக் கேள்விகளுக்காவது விடை இருந்தால்தான் அப்பகுதியைக் கணக்கிடலாம். ஐந்து பகுதிகளையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது கூஸின் முறை ஆகாது.

குறைந்தது 100 நோயாளிகள் வேண்டும். அவர்களில் 50 பேரிடமாவது ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் முழங்காலின் நிலை மாறவில்லை என்பதை நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்து, மாறியவர்களை இந்தக் கணக்கிலிருந்து நீக்குங்கள். பஸ் செலவுக்கும் வழித் தடைக்கும் அஞ்சிப் பலர் இரண்டாம் முறை வரமாட்டார்கள். தொலைபேசியில் கேட்பதாக இருந்தால் முதல் முறையும் தொலைபேசியிலேயே கேட்டிருக்க வேண்டும். இரு முறை மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு 0.70க்குக் குறையாமல் இருப்பது நம்பகத்தன்மைக்கு வேண்டிய அடிப்படை. வாயால் கேட்கும் பதிப்பு என்பதால் நமக்கு இன்னொரு சோதனையும் உண்டு: சிலரிடம் முதல் முறை ஒருவரும் இரண்டாம் முறை மற்றொருவரும் கேட்டு, ஆள் மாறியதால் எண் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்து போகின்றன என்பதைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபாவைப் பகுதிதோறும் தனியே கணக்கிடுங்கள், 0.70க்கும் 0.95க்கும் இடையில் இருந்தால் நல்லது. 0.95ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். இரண்டு மூன்று கேள்விகள் தமிழில் ஒரே கேள்வியாகிவிட்டன என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். 15 சதவீதத்துக்கு மேற்பட்டோர் 0 அல்லது 100 பெற்றிருந்தால் அந்தப் பகுதி அவர்களை வேறுபடுத்திக் காட்டவில்லை என்று பொருள். முதியோரிடம் விளையாட்டுப் பகுதி இப்படி 0 என்னும் தரையில் தேங்குவது இயல்பு.

வினாத்தாள் எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் அளக்கிறதா என்பதற்கு, மொழி தேவைப்படாத அளவைகளோடு ஒப்பிடுவது நமக்கு வசதி: 0 முதல் 10 வரையிலான வலி எண், நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுகிறார் என்பது போன்றவை. தரவு வருமுன்பே எதிர்பார்ப்புகளை எழுதி வையுங்கள். கூஸ் வலிப் பகுதியில் கூடுதல் எண் நல்லது, வலி எண்ணில் கூடுதல் கெட்டது. ஆகவே ஒட்டுறவு எதிர்க்குறியோடு வர வேண்டும். எழுதி வைத்தவற்றில் 75 சதவீதமாவது மெய்ப்பட்டால் ஏற்கத்தக்கது. எந்தக் கேள்விகள் ஒரே குழுவாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்குக் கேள்வி ஒன்றுக்கு ஏழு பேர் வீதம் 294 பேர் வேண்டியிருக்கும். நம் சிறு சமூகத்தில் அத்தனை நோயாளிகள் கிடைக்காவிட்டால் அதைச் செய்யவில்லை என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிடலாம்.

மருத்துவருக்கு மிகவும் பயன்படுவது கடைசிக் கணக்கு. திட்ட விலக்கம் (நோயாளிகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகிப் பரவியிருக்கும் அளவு) 18, முன்சொன்ன உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு 0.88 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து கெழுவைக் கழித்து வர்க்கமூலம் கண்டு 18ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 6.2, அதை 2.77ஆல் பெருக்கினால் 17 சொச்சம்; ஒருவரிடம் உண்மையான மாற்றம் என்று கொள்ள இதைவிடக் கூடுதலான வேறுபாடு வேண்டும். அதாவது சிகிச்சைக்குப் பிறகு ஒருவருடைய எண் 50லிருந்து 60ஆக உயர்ந்தால், அவர் உண்மையில் தேறினாரா, அன்றைக்குச் சற்று உற்சாகமாக இருந்தாரா என்று சொல்ல முடியாது. 70 வந்தால் சொல்லலாம்.

முடிந்த பதிப்பின் முகப்பில் ஆண்டு, பதிப்பு எண், கேட்டுப் பதியப்பட வேண்டியது என்ற குறிப்பு, சோதிக்கப்பட்ட ஊர்கள் ஆகியவற்றை அச்சிட்டு, மாற்றிய கேள்விகளின் பட்டியலையும் ஒலிப்பதிவையும் அதனுடன் இணைத்து, கூஸை உருவாக்கியவர்களுக்கு ஒரு படி அனுப்புங்கள்.